தந்தப் பலகை

இரண்டு வகுப்பறைகளுக்கும் நடுவே இருந்தது வெறும் மரத்தடுப்பு. இந்தப் பக்கம் இலக்கண ஆசிரியை வேற்றுமை உருபுகளை விளக்கிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்து விழும். அவருடைய மாணவர்களின் காதுகள் உடனே அங்கே சாயும். அவருடைய காதும் சாயும்; அதை மட்டும் அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

அந்தப் பக்கம் ஒன்பதாம் வகுப்பின் ஈ பிரிவு. லாரிக் கொட்டகைகளுக்கும் பட்டறைகளுக்கும் பின்னால், ஒரே அறையில் ஆறு பேர் படுத்தெழும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள். 'ஈ மொய்க்கிற பிரிவு' என்று ஆசிரியர் அறையில் கேலி பேசுவார்கள். அதே பிள்ளைகள் ஏழாம் வகுப்பில் இலக்கண ஆசிரியையிடம்தான் படித்தார்கள். ஒற்றுப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டே அந்த ஆண்டு போயிற்று. 'ஒத்து டீச்சர்' என்ற பட்டப்பெயர்தான் மிச்சம்.

பிறகு வந்தார் அறிவியல் ஆசிரியை. மணியடிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே வந்துவிடுவார். வராத பிள்ளையைத் தேடி லாரிக் கொட்டகைக்கே போய் நிற்பார். பட்டறையிலிருந்து ஜாக்கியை இரவல் வாங்கி, வகுப்பிலேயே ஒல்லியான பெண்ணை விட்டுத் தலைமையாசிரியரின் காரைத் தூக்க வைத்தார். யாராவது தவறான விடை சொன்னால் அதை அழிக்க மாட்டார். "இது எந்தக் கேள்விக்குச் சரியான விடை?" என்று கேட்பார், வகுப்பே மூளையைக் கசக்கும். முன்பு நான்கு பேர் தேறிய பிரிவில் இப்போது இருபத்தொரு பேர் தேறினார்கள்.

இவற்றையெல்லாம் இலக்கண ஆசிரியை பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது ஒரு சொல். குழாயடியிலும் மாடிப்படியிலும் அவர் காதுபட அந்தப் பிள்ளைகள் சொன்ன "எங்க டீச்சர்." 'நம்' என்றால் கேட்பவருக்கும் பங்குண்டு, 'எங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. இருபத்தெட்டு ஆண்டுகள் அவர் நடத்திய விதி, அவரையே வெளியே நிறுத்தியது. அவரை அப்படி உரிமை கொண்டாடி ஒரு பிள்ளையும் பேசியதில்லை.

அவருடைய கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். "பக்கத்து கிளாஸ்ல சிரிச்சா உனக்கு ஏன் வயிறு எரியுது?" என்று கேட்டார்.

"எரியல. சத்தம் தொந்தரவா இருக்கு."

"ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேன். தடுப்பை எடுத்துடலாமா, ரெண்டு கிளாஸும் சேர்ந்து சிரிக்கட்டும்னு கேக்குறார்."

கணவர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவருக்கு இரண்டாவது காபி கிடைக்கவில்லை.

அந்த வாரம் ஈ பிரிவில் புதிய கரும்பலகை ஏறியது. பழையது விரிசல் விட்டிருந்ததால், பிள்ளைகளே பெட்டிப் பலகைகளை இழைத்துச் சேர்த்துக் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். அடியில் வெள்ளை எழுத்து: 'எங்கள் டீச்சருக்கு நாங்கள் தந்தப் பலகை.'

காலையில் மணியடிக்கும் முன் வாசலில் நின்று படித்த இலக்கண ஆசிரியைக்கு முதற்சொல் முள்ளாகத் தைத்தது. கடைசிச் சொல்லுக்கு வந்ததும் நெஞ்சு குளிர்ந்தது. வரக் கூடாத இடத்தில் ஒரு 'ப்'! கையிலிருந்த சிவப்புச் சாக்கட்டியோடு உள்ளே நுழைந்தார்.

"யார் எழுதினது இது?"

லாரிகளுக்குச் சாயம் பூசுபவரின் மகள் எழுந்தாள். "நான்தான், டீச்சர்."

"தந்த பலகைன்னா கொடுத்த பலகை. 'ப்' போட்டா யானைத் தந்தத்துல செஞ்ச பலகை! ஏழாம் வகுப்புலயே சொல்லிக் குடுத்தேனே!"

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். இலக்கண ஆசிரியை ஓரக்கண்ணால் பார்த்தது அவளை அல்ல; அறிவியல் ஆசிரியையை. அந்த முகம் கறுத்திருக்க வேண்டும். கறுக்கவில்லை.

"ஐயையோ, எனக்கே தெரியாம போச்சே! சரி பிள்ளைங்களா, இது எந்தக் கேள்விக்குச் சரியான விடை?"

தலை குனிந்திருந்த பெண்ணே நிமிர்ந்தாள். "யானைக்குட்டிங்க அதுங்க டீச்சருக்கு என்ன குடுத்துச்சுங்க?"

கூரை பறந்தது. அடக்குவதற்குள் இலக்கண ஆசிரியைக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, இது மாதிரி இன்னும் இருக்கா? சொல்லுங்களேன்" என்று அறிவியல் ஆசிரியை நாற்காலியை விட்டு எழுந்து, கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கேட்காமலே இடத்தை விட்டுக்கொடுத்தது இலக்கண ஆசிரியைக்கு இன்னும் எரிந்தது. ஆனாலும் 'மருந்துக் கடை', 'மருந்து கடை' என்று எழுதினார். "மருந்தைக் கடைஞ்சா வெண்ணெய் வருமா டீச்சர்?" என்றான் ஒருவன். மணியடித்தது தெரியவில்லை. மறுநாள் காலையும் போனார். அதற்கு மறுநாளும் போனார்.

பத்து நாள் கழித்து, தம் வகுப்பில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது தடுப்புக்கு அப்பாலிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

"வெப்பக் கடத்திக்கு நடுவுல 'க்' விட்டுட்டீங்க, டீச்சர். எங்க ஒத்து டீச்சர் பாத்தா வட்டம் போட்டுடுவாங்க."

அறிவியல் ஆசிரியையின் சிரிப்பு ஒரு நொடி தாமதித்தே வந்தது. அந்த ஒரு நொடியில் என்ன இருந்தது என்று இலக்கண ஆசிரியைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரண்டாண்டுகளாக அது அவரிடமே குடியிருந்தது.

மறுநாள் காலை கணவர் கேட்கும் முன்பே இரண்டாவது காபி வந்தது.