மாற்றிக்கொண்ட வண்டி

அறுபதுகளின் நடுவில் நெய்வேலி நகரியத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் பிளாக்கைச் சுற்றி மூன்று பேர். சுரங்க அலுவலகத்தில் வரைபடம் போடும் நான், பவர் ஹவுஸில் கிரேன் ஓட்டிய கோயம்புத்தூர்க்காரர், நிலக்கரியைச் சோதிக்கும் லேபில் இருந்த கடலூர்க்காரர். மூன்றுமே பட்டாளத்தில் உழைத்து ஏலத்துக்கு வந்த பழைய வண்டிகள். ஷிப்ட் ஒத்துவந்த ஞாயிறுகளில் விடிந்ததும் கிளம்பிவிடுவோம். எங்காவது நிழலில் நிறுத்தி, ஒருவர் வண்டியை ஒருவர் குனிந்து பார்த்துக் குறை சொல்வதில்தான் எங்கள் சந்தோஷமெல்லாம்.

ஒருநாள் என் வண்டியின் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் மயிரிழை போல ஒரு விரிசலைக் கண்டேன். மாற்றுப் போர்க் வேண்டுமென்றால் சென்னைக்குப் போய்த் தேட வேண்டும். அதுவரை தாங்கட்டும் என்று வெல்டிங் வைத்து, அரத்தால் ராவி, மேலே கறுப்புப் பெயின்ட் பூசினேன். அந்தப் பளபளப்பைப் பார்த்துவிட்டு நண்பர்கள், "புதுசு போட்டீங்களா?" என்றார்கள். "ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். மூன்றில் என் வண்டிதான் உசத்தி என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததை இழக்க மனம் வரவில்லை. தனியாகத்தானே ஓட்டுகிறோம், மெதுவாகப் போனால் போயிற்று என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு கடலூருக்குப் போனோம். கடற்கரையில் சுற்றிவிட்டு, மதியம் லேப்காரரின் மாமியார் வீட்டில் மீன்குழம்புச் சாப்பாடு. அவர் மனைவியும் ஐந்து மாதப் பெண்குழந்தையும் அங்கே இருந்தார்கள். கிளம்பும்போது அவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"சார், இவங்களையும் கூட்டிகினு போயிடலாம்னு பாக்குறேன். என் வண்டியில பின்னாடி வெறும் இரும்புக் கேரியர்தான். ஒங்க வண்டியில மெத்துனு சீட்டு இருக்கு. நெய்வேலி வரைக்கும் மாத்திக்கலாமா?"

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மனைவி குழந்தையைத் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "ரொம்ப நன்றிங்கண்ணா" என்று சிரித்தார். சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பின்னாலேயே போய்க் கண்காணிக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவருடைய வண்டி எனக்குக் கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்தது. கிரேன்காரர் பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தபோது, என் வண்டியின் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைந்தது. அரை மணி நேரம் கழித்துத்தான் எங்களால் புறப்பட முடிந்தது.

எத்தனை முறுக்கினாலும் அந்த வண்டி வேகம் எடுக்கவில்லை. தூரத்தில் நாலு பேர் கூடி நின்றாலே கழுத்தை நீட்டிப் பார்த்தேன். ஒரு வளைவில் பெருங்கூட்டம். நெருங்கிப் பார்த்தால் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இன்னொரு இடத்தில் சாலையோரம் ஏதோ வெள்ளைத்துணி கிடந்தது. இறங்கிப் புரட்டிப் பார்த்தேன். கிழிந்த சாக்கு. ரயில்வே கேட் மூடியிருந்த இடத்தில் கிரேன்காரர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, மேலுக்குச் சரியில்லீங்களா? இப்படி வேர்க்குது?"

சொல்லிவிட்டேன்.

"கைக்குழந்தைங்க. என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க!" என்றார். சரக்கு வண்டி பெட்டி பெட்டியாகக் கடந்துகொண்டே இருந்தது. நான் வேண்டாத தெய்வமில்லை.

குறிஞ்சிப்பாடி தாண்டி, புளியமரங்களுக்குக் கீழே அவரைக் கண்டோம். தனியாக, சட்டையெல்லாம் நனைந்து, என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். பின்சீட்டில் யாரும் இல்லை. வண்டியை நிறுத்தும் முன்பே கத்தினேன்.

"அவங்க எங்கே?"

"பஸ்ல ஏத்தி உட்டுட்டேன் சார். அப்புறம் நான் கொஞ்ச தூரம்தான் வந்தேன், ஹேண்டில் ஒரு பக்கமா இழுத்துச்சு. எறங்கிப் பாத்தா போர்க் வாயைப் பொளந்துகினு நிக்குது. ஏதோ பள்ளத்துல உட்டிருப்பேன் போல. புதுசா போட்டது... மன்னிச்சுக்கங்க சார்."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். கிரேன்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பேசாமல் இருந்திருந்தால் அப்படியே போயிருக்கும். ஆனால் அந்த நனைந்த சட்டையைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரிஞ்சேவா குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். என் வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டுத் தன் வண்டியை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவர் வீட்டில் இல்லை. மனைவிதான் கதவைத் திறந்தார். கோபமில்லை, உள்ளே வந்து உட்காரச் சொல்லவும் இல்லை. வாசலில் நின்றபடியே, வண்டி ஆடுவது தெரிந்துதான் இறங்கினீர்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெரியலீங்க. பாப்பாவுக்குப் பசி, அழுதுகினே வந்துச்சு. எறங்கிப் பாலு குடுத்தேன். அந்த நேரம் பாத்து பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன். அவ்ளோதான்."

சில மாதம் கழித்து அவர் மறுபடி எங்களோடு வரத் தொடங்கினார். பேச்சும் சிரிப்பும் மெல்லத் திரும்பின. ஆனால் யாருடைய வண்டியையும் அவர் கேட்கவில்லை. தன் வண்டியை யாருக்கும் கொடுக்கவும் இல்லை. எனக்கு வெகுகாலம் வரை, எங்கே கைக்குழந்தை அழுதாலும் கைகள் தாமாகவே பிரேக்கைத் தேடும்.