இணைப்பில்லாத பலகை

ஒரு பக்கம் காப்பி நிறத்தில் வழவழப்பாக இருக்கும். மறுபக்கம் மரத்தின் ரேகை தெரியும். இரண்டடிக்கு இரண்டடி, முக்கால் அங்குலக் கனம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் தேவாலயத்தின் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, காலி அரிசிப் பையில் சுற்றிக் கயிறு கட்டி அதை என்னிடம் கொடுத்தார் குடில் அண்ணன். நான் நினைத்ததைவிடக் கனம். “இன்ஜினியரம்மா கேட்ட மாதிரியே ஒரே பலகை. ஒட்டு கிடையாது” என்றார். நான் நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை. பையைப் பிரித்து ஓரங்கள் நேராக வெட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அவர் சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்கு வந்த தச்சர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பலகை அடைத்து அச்சு கட்டுவதுதான் வேலை. வந்த முதல் கிறிஸ்துமஸுக்கு, இரண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் துண்டுப் பலகைகளை வைத்து எங்கள் தேவாலயத்துக்குக் குடில் செய்து கொடுத்தார். அதற்குப் பிறகு யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பாதிரியாருக்கும் அவர் குடில் அண்ணன்தான். சிவகங்கைப் பக்கம் ஊர். அங்கே அவருடைய வீடு சன்னல் உயரம்வரை எழும்பி நின்றிருந்தது. போனில் அந்தப் படத்தைக் காட்டாமல் அவர் டீயை முடித்ததில்லை. வேலை பெர்மிட்டை இன்னொரு தடவை புதுப்பித்துவிட்டால் கூரை போட்டுவிடலாம் என்பார். ஊரில் இருப்பவர்கள் கூரையைப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கூரை என்ன நடந்தா வரும் என்று சிரிப்பார்.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கடைசி ஆண்டு. பாடற்குழுவின் மைக், ஸ்பீக்கர் எல்லாம் என் பொறுப்பு. எனக்கு இருபத்தொரு வயது நிறையப்போகிறது. இங்கே அது சும்மா வருகிற பிறந்தநாள் இல்லை. ஹால் பிடித்து, பஃபே சொல்லி, உறவுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, கல்யாணத்துக்கு ஒத்திகை பார்ப்பது போல நடக்கும். வாடகை ஸ்பீக்கர் வேண்டாம், என் கையால் செய்த சப்வூஃபர்தான், பேஸ் எனும் அடித்தொனியை இடிக்கும் பெட்டிதான், அன்றைக்கு அதிர வேண்டும் என்று சபதம் எடுத்திருந்தேன்.

முதல் பெட்டியை செம்பவாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே யாரோ போட்டுவிட்டுப் போன அலமாரியை உடைத்துச் செய்தேன். யாரோ காரிலிருந்து கழற்றி விற்ற பன்னிரண்டு அங்குல வூஃபரை அதில் பொருத்தினேன். பேஸ் வந்தது, ஆனால் வயிற்றில் இறங்கவில்லை. சத்தத்தைக் கூட்டக் கூட்டப் பலகைதான் நடுங்கியது. காற்றைத் தள்ள வேண்டிய பலமெல்லாம் பலகையை ஆட்டுவதிலேயே போய்க்கொண்டிருந்தது. குடில் அண்ணன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்துவிட்டு, போடுகிற சத்தத்தை எல்லாம் பெட்டியே தின்றுவிடுகிறது என்றார். வேலையிடத்தில் குப்பைத் தொட்டிக்குப் போகிற கனமான துண்டுகளைக் கேட்டு வாங்கி, வாரா வாரம் கொண்டுவந்தார். புதுப் பெட்டி வளர்ந்தது. வூஃபரைப் பொருத்தும் முகப்புக்கு மட்டும் போதுமான அகலத்தில் துண்டு கிடைக்கவில்லை. இரண்டைச் சேர்த்து, பின்னால் சட்டம் வைத்து ஒட்டிவிடலாம், ஒன்றும் ஆகாது என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. முகப்பில் இணைப்பு இருந்தால் பேஸ் கசியும் என்று எங்கேயோ ஒரு காணொளியில் பார்த்திருந்தேன். “ஒரே பலகையா வேணும் அண்ணே, ப்ளீஸ் லா” என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். “பாக்குறேன்மா” என்றார். அந்த ஒரே பலகை குப்பைத் தொட்டியில் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

பலகை கைக்கு வந்த மூன்றாம் நாள், புதன்கிழமை, அவருடைய அறைத் தோழர் போன் செய்தார். அன்று மத்தியானம்தான் முகப்பில் வூஃபருக்கான வட்டத்தை வெட்டி முடித்திருந்தேன். கையெல்லாம் பசை. புதுப் பலகையை அறுத்ததை சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிட்டார், கேட்டால் யாருக்காக என்று அண்ணன் வாயே திறக்கவில்லை என்றார். “பலகையக் கொண்டாந்து, நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா சார் மனசு எறங்கும் தங்கச்சி. ஊருக்கு அனுப்பிருவேன்னு சொல்றாரு.”

நான் வட்டத்தைப் பார்த்தேன். ஓட்டை போட்ட பலகையைக் கொண்டுபோய் எப்படி நீட்டுவது? “சனிக்கிழமை எனக்கு பார்ட்டி அண்ணே. ஞாயிற்றுக்கிழமை கண்டிப்பா வந்து பேசுறேன்” என்றேன். அவர் “சரிம்மா” என்று வைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த தண்டனைகள் எல்லாம் கடிதமாகத்தான் வரும். முதலில் எச்சரிக்கை, பிறகு விளக்கம் கேட்டு ஒரு கடிதம், மேல்முறையீட்டுக்கு இரண்டு வாரம். பாலிடெக்னிக்கில் அப்படித்தான். ஒரு மனிதரை நான்கு நாளில் மூட்டை கட்டவைக்க முடியும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. இதை இப்போது எழுதும்போது சாக்குப்போக்காகத்தான் தெரிகிறது. எட்டவில்லை என்பதும் உண்மைதான்.

சனிக்கிழமை பெட்டியை மேடைக்கு முன்னால் நடுவில் வைத்தேன். நன்றாக இருந்தது, பிரமாதமில்லை. ஹாலைப் பார்த்துக்கொள்ளும் அங்கிள் வந்து, வழியை மறைக்கிறது, தள்ளி வை என்றார். நானும் என் அத்தை மகனும் பெட்டியை மூலைக்குத் தள்ளினோம். அடுத்த பாட்டு ஆரம்பித்ததும் மேசையில் இருந்த காகிதக் குவளைகள் நகர்ந்தன. பிள்ளைகள் தரையில் கை வைத்துப் பார்த்தார்கள். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை முன்னால் தள்ளும் என்று நான் படித்துத்தான் இருந்தேன். செலவில்லாமல் கிடைப்பது என்பதால் அதை மதிக்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் ஒரு நிமிடம் படம் பிடித்துக் குடில் அண்ணனுக்கு அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்தது. அது இரண்டாகவே இல்லை.

மறுநாள் பூசைக்கு அறைத் தோழர் மட்டும் வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. “நேத்து சாயங்காலமே சாங்கி ஏர்போர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ட்டாங்க” என்றார். அண்ணன் தன் கருவிப் பையை யாரிடமாவது கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம், குடில் வேலைக்கு ஆகுமே என்று.

அந்த வாரம் நான் ஒரு காரியம் செய்தேன். செய்யாமல் இருக்க முடியவில்லை. இரண்டு துண்டுகளைச் சேர்த்து, பின்னால் சட்டம் வைத்து ஒட்டி, அவர் சொன்ன மாதிரியே இன்னொரு முகப்பு செய்தேன். வூஃபரை அதில் மாற்றி, வீட்டு மூலையில் வைத்து, அதே பாட்டைப் போட்டேன். போனில் அளந்தும் பார்த்தேன். எந்த வித்தியாசமும் இல்லை. மேல்வீட்டிலிருந்து தரையைத் தட்டும்வரை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இளையோர் குழுவில் அவ்வப்போது பெட்டியை இரவல் கேட்கிறார்கள். கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு, எனக்குத் தெரிந்தவர்களிடம் அவருக்கு மறுபடி பெர்மிட் கிடைக்குமா என்று விசாரித்தேன். திருட்டு என்று எழுதி அனுப்பியிருந்தால் கஷ்டம் என்றார்கள்.

போன மாதம், அறைத் தோழரிடம் நம்பர் வாங்கி ஒருவழியாகக் கூப்பிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி எதிரே வைத்திருந்தேன். குரல் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டார். ஊரிலேயே சென்ட்ரிங் வேலைக்குப் போகிறாராம். வீடு அப்படியேதான் நிற்கிறது, மழைக்கு முன்னால் மேலே தகரமாவது போட வேண்டும் என்றார். நான் தாளைப் பார்த்து மூச்சை இழுத்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

“பெட்டி எப்டிம்மா அடிச்சுச்சு?”

“குவளையெல்லாம் மேசையில நகந்துச்சு அண்ணே.”

“ஒரே பலகைல. அதான்” என்றார். அவர் குரலில் அப்படி ஒரு திருப்தி. போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வீட்டில் யாரிடமோ சொல்வது கேட்டது: “சிங்கப்பூர் புள்ள. நான் குடுத்த பலகைல செஞ்ச பெட்டி, ஹாலையே ஆட்டிருச்சாம்.”

நான் “ஆமா அண்ணே” என்றேன். தாளில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.