தெமோதரைப் பெரட்டில் எந்த சிம் எடுக்கும்?

கோத்தகிரியில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியம்மாவுக்கு அவருடைய அண்ணன் முகத்தைக் காட்ட வேண்டும். போன மே மாதம் அம்மா, தங்கை, நான் மூவரும் கோவையிலிருந்து இலங்கைக்குப் போனது அதற்காகத்தான். மாமா பதுளைப் பக்கம் தெமோதரையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் இருக்கிறார். அந்த வீட்டில் பிறந்த மூவரில் இரண்டு பேரை இந்தியர் என்று கப்பலேற்றினார்கள். ஒருவரை இலங்கையர் என்று விட்டுவைத்தார்கள். இரு நாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் பிள்ளைகளைக் கேட்கவில்லை. அம்மாவுக்கு அப்போது எட்டு வயது. மாமாவிடம் பட்டன் போன்தான். இத்தனை வருடமாகக் குரல் மட்டும்தான்.

வங்கி ஓடிபிக்காக என் இந்திய எண்ணில் மட்டும் ரோமிங். எனக்கும் தங்கைக்கும் ஊரிலேயே வாங்கிய இ-சிம். அம்மாவுக்கு எங்கள் ஹாட்ஸ்பாட் போதும் என்று விட்டுவிட்டேன். கொழும்பில் குறையில்லை. மலைச் சுற்றுலா ஊரான எல்லவில் காப்பிக்கடை மேசை வரை வேகம் பறந்தது. அங்கிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம்தான். லயத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. சுற்றுலாக்காரர் படம் எடுக்கும் மலைக்கு டவர் உண்டு. அவர் குடிக்கும் தேயிலையைப் பறிக்கிறவர் வீட்டுக்குக் கிடையாது.

“இங்கன எடுக்காது மருமகனே. பெரட்டுக்குப் போனா நல்லா எடுக்கும்” என்றார் மாமா.

“பெரட்டா? கோழியா, ஆடா மாமா?”

“ஏன்டி காமாச்சி, புள்ளைக்குச் சோத்த மட்டுந்தான் சொல்லிக் குடுத்தியா?”

அம்மா சிரிக்கவில்லை. காலையில் கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம்தான் பெரட்டு. அந்தச் சொல்லை அவர் எங்களிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. இப்போது யாரிடமும் வழி கேட்காமல் அங்கே நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அங்கும் மாமாவின் போன்தான் எடுத்தது. எங்கள் இ-சிம் வேறு கம்பெனி.

மறுநாள் பஸ்ஸில் பதுளைக்குப் போய், பாஸ்போர்ட்டைக் காட்டி, மாமாவின் போனில் இருக்கும் கம்பெனியின் சிம்மையே கேட்டேன்.

“மூணு பேருக்குமா?” என்றார் கடைக்காரர். “ஒண்ணு போதுங்க தம்பி. லயத்துக்குள்ள மூணு வச்சிருந்தாலும் மூணும் தூங்கும்.”

எங்கள் போன்களில் இடமில்லை. அம்மாவின் போனில் போட்டோம்.

சாயங்காலம் பெரட்டில் வீடியோ கால் எடுத்தது. பெரியம்மா முகம் வந்தது. மாமா தொண்டையைச் செருமி, கங்காணி மாதிரி கூப்பிட்டார்: “ராக்கம்மா!”

கோத்தகிரிக் கட்டிலில் இருந்து பதில் வந்தது: “வந்துட்டேங்கய்யா!”

“எம் பேரையும் கூப்பிடுண்ணே” என்றார் அம்மா.

“எட்டு வயசுல போன ஒனக்கு இங்க வேலைக்குப் பேரே பதியலையேடி.”

“பரவால்ல. கூப்பிடு.”

கூப்பிட்டார். அம்மா போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் பதில் சொன்னார்.

தோட்டப் பக்கம் போகிறவர்கள் எந்த சிம் நல்லது என்று விமான நிலையத்தில் கேட்காதீர்கள்; போகிற வீட்டுக்குப் போன் போட்டு, அங்கே எது எடுக்கிறது என்று கேளுங்கள். ஒன்று போதும். அதை அம்மாவின் போனில் போடுங்கள்.