பச்சைக் கதவு வீட்டின் இணையதளம்

மட்டாஞ்சேரியில் ஒரு சேச்சி தன் வீட்டு மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அதற்கு இணையதளம் செய்து கொடுத்தவன் நான். ஆண்டுதோறும் மழை ஓய்ந்ததும், அதைப் புதுப்பிக்கக் கேமராவோடு போவேன்.

சேச்சி படம் எடுக்க விட்டால்தானே! பழைய பக்கங்களை அச்செடுத்து வரச் சொல்லி, தாளும் கையுமாக வீட்டைச் சுற்றி வருவார். படத்தில் கதவு பச்சை. மழையில் வெளுத்த கதவுக்கு மறுநாளே அதே பச்சையை அடிப்பார். படத்திலுள்ள பூப்போட்ட விரிப்பு கிழிந்திருந்தால், படகேறி அக்கரைக்குப் போய் பிராட்வே கடைத்தெரு முழுக்க அதையே தேடுவார்.

"படத்தை மாத்தினா போதுமே சேச்சி!" என்று எரிந்து விழுவேன்.

"போன வருஷம் இந்தப் படத்தைப் பார்த்துட்டு இப்போ வர்றவங்க என்ன செய்வாங்க?" என்பார்.

அவருடைய கணவர் இறந்த ஆண்டும் போனேன். முதல் பக்கத்தில், வாசலில் நின்று சேச்சி வாய்விட்டுச் சிரிக்கும் படம்.

"இதை மட்டும் எடுத்துடட்டுமா சேச்சி?"

தாளை வாங்கிக்கொண்டு, வாசலில் படத்திலிருந்த அதே இடத்தில் போய் நின்று பார்த்தார்.

"வேண்டா, இருக்கட்டும். ஆளுங்க வர இன்னும் ஒரு மாசம் இருக்கல்லே" என்றார்.