இரண்டு மானிட்டருக்கு ஒரு கார்டு: பாரோயிலிருந்து லுக்குட் வரை

போன சனிக்கிழமை நானும் அண்ணியும் மோட்டார் சைக்கிளில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் புறப்பட்டோம். லுக்குட்டைத் தாண்டிப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய் வந்தவர்கள் எழுதிய பயணக் கட்டுரைகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. கார்டு வாங்கப் போனவர்கள் ஒருவரும் எழுதக் காணோம். நானே தேடித் தேடி அலுத்துப்போனதால், அந்தக் குறையை இன்று தீர்த்துவிடுகிறேன்.

முதலில் காரணம். நான் பாரோயில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறேன். போன மாதம் இரண்டாவது மானிட்டர் ஒன்று வாங்கினேன். இடப்பக்கத்தில் வெட்டி ஒட்டும் வேலை, வலப்பக்கத்தில் முழுப் படம் என்று ஆசைப்பட்டேன். அதை மாட்டியதும் படம் நொண்டத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் மென்பொருளே மூடிக்கொண்டது. என் கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, இருப்பதை வைத்து அது எவ்வளவுதான் இழுக்கும்? அடுத்த ஞாயிறு விருந்தில் திரையிட வேண்டிய வீடியோ ஒன்று கையில் பாதியில் நின்றது.

அண்ணியின் பெயர் புஷ்பா. செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் வீட்டில் உட்கார்ந்து திரையை முறைப்பதை அவர் என்றைக்கும் வேலையாகக் கணக்கில் எடுத்ததில்லை. என்னைக் கேட்காமலே சூப்பர்வைசரிடம் பேசி, திங்கட்கிழமைக்கு எனக்கு நேர்காணல் வாங்கி வைத்துவிட்டார். கடைசியில் ஒரு பேரம் படிந்தது. சனிக்கிழமை அவருக்கு ஓய்வு நாள், அன்று என்னை அழைத்துப் போவார். மாலைக்குள் கணினி சரியாகாவிட்டால், திங்கட்கிழமை நான் வாயை மூடிக்கொண்டு அவருடன் தொழிற்சாலைக்குப் போக வேண்டும். ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். கணினிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டோம். கார்டு உள்ளே நுழையுமா என்பதை மாட்டிப் பார்த்துத்தானே சொல்ல முடியும்? சாரோங் கைலியில் சுற்றி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். சிக்னலில் நின்ற ஒருவர், "பாப்பா தூங்குதா?" என்று கேட்டார். அண்ணி, "எழுப்பிடாதீங்க லா, அழும்" என்றார்.

பாரோயிலிருந்து செனாவாங் சுமார் பத்து கிலோமீட்டர். அங்கே கணினிக் கடையின் சீன முதலாளி, தவுக்கே, மூன்று விசிறி வைத்த, கலர் கலராக மின்னும் கார்டு ஒன்றை எடுத்து வைத்தார். விலை 1,650 ரிங்கிட். "டுவா மானிட்டர், மெஸ்தி அம்பில் பெசார் புன்யா" என்று மலாய் மொழியில் அடித்துச் சொன்னார். இரண்டு மானிட்டர் என்றால் பெரியதுதான் எடுக்க வேண்டுமாம். என் பெட்டியைத் திறந்து அளந்தேன். கார்டுக்கு இருபது செண்டிமீட்டர்தான் இடம். அந்தக் கார்டு முப்பதைத் தாண்டியது. அண்ணி விலைச்சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

லுக்குட்டில் குமார் என்பவர் பழைய கார்டு விற்பதாக விளம்பரம் போட்டிருந்தார். மம்பாவ் வழியாகப் பழைய சாலையில் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இரு பக்கமும் செம்பனை, நல்ல காற்று. அண்ணி வழியெல்லாம் தொழிற்சாலைக் கேன்டீனின் பெருமையைப் பாடிக்கொண்டே வந்தார்.

லுக்குட்டில் மோட்டார் ஒர்க்ஷாப் ஒன்றில் நிறுத்தி, "கார்டு விக்கிற கடை எங்கண்ணே?" என்று கேட்டேன். அங்கே வேலை செய்தவர் எதிர்வரிசையைக் கைகாட்டினார். உள்ளே போனால் மேசைமேல் அழகாக இரண்டு மானிட்டர்கள். அதைப் பார்த்ததும் சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பூரிப்பு. சுவரில் என்ன தொங்குகிறது என்று நான் பார்க்கவே இல்லை.

"எத்தன கார்டும்மா?" என்றார் கடைக்காரர் பாய்.

"ஒன்னு போதும் பாய். அடுத்த ஞாயிறு விருந்துக்கு முன்னாடி வேணும்."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன்னே ஒன்னா?" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்டுல ஏதும் எதிர்ப்பாம்மா?"

எனக்கு விளங்கவில்லை. "அண்ணிக்குப் பிடிக்கலதான். அதெல்லாம் பரவால்ல பாய். ரெண்டு பக்கமும் படம் வரணும்."

"வந்துரும்."

"நீளம் இருபது செண்டிமீட்டர் தாண்டக்கூடாது. உள்ள நுழையாது."

"கவர பெருசா போட்டுக்கலாம்மா."

"ரொம்ப நேரம் ஓடுனா சூடாகுமா?"

"கார்டு எதுக்கும்மா ஓடுது?"

பின்னால் அண்ணி மூச்சுவிட முடியாமல் சிரிக்கும் சத்தம் கேட்டுத்தான் சுவரைப் பார்த்தேன். பிள்ளையார் படம் போட்டது, ரோஜாப்பூ போட்டது, பிறை நிலா போட்டது. அத்தனையும் கல்யாணக் கார்டுகள்! விஷயத்தைச் சொன்னதும் பாய் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். குமாரின் கைப்பேசிக் கடை அடுத்த கதவுதான்.

குமாரிடம் இருந்தது ஆறு ஜிபி கார்டு, குட்டையானது, தனியாக மின்சார ஒயர் கேட்காதது. 480 ரிங்கிட். என் பெட்டியில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் சோதிக்க அவரிடம் ஒரு மானிட்டர்தான் இருந்தது. என் சிக்கலே இரண்டாவதில்தானே? பாய் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "என் மேசைக்கே கொண்டாங்கம்மா, ரெண்டு இருக்கு" என்றார்.

பாய் கடை வைஃபையில் கார்டுக்கான டிரைவர் மென்பொருளை இறக்கி, பாதியில் நின்ற கல்யாணத்தைத் திறந்தேன். இடப்பக்கம் துண்டுகள், வலப்பக்கம் முழுப் படம். ஓட்டினேன். மாப்பிள்ளை தாலியைப் பிடித்துக்கொண்டு திணறுகிறார். மணப்பெண் தலையைக் குனிந்தபடியே, தானே கூந்தலைத் தூக்கிப் பிடித்துக் கொடுக்கிறாள். ஓரிடத்திலும் நொண்டவில்லை. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. அரைமணி நேரம் ஓடவிட்டோம். குமார் காசை வாங்கிக்கொண்டு போன பிறகும் அண்ணி நகரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத நீயா செஞ்ச?" என்றார்.

உங்களுக்கு உதவும் விஷயங்களை மறப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். இரண்டு மானிட்டரில் படம் தெரிவதற்கு ராட்சசக் கார்டு தேவையில்லை. எடிட்டிங்குக்குத்தான் அதன் நினைவகம் முக்கியம். என் முழு எச்டி வேலைக்கு ஆறு ஜிபி போதுகிறது, 4கே செய்பவர்கள் எட்டுக்குக் கீழே இறங்காதீர்கள். பெட்டியின் உட்புற நீளத்தையும் பவர் சப்ளை எத்தனை வாட் என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள். மானிட்டர் ஒயர் எந்த வகை என்று பாருங்கள், இரண்டையும் கார்டிலேயே செருகுங்கள். பழையது வாங்கினால் அரைமணி நேரமாவது ஓடவிட்டுப் பாருங்கள். பெட்ரோல் ஐந்து ரிங்கிட், லுக்குட்டில் ரொட்டி சானாயும் தே தாரிக் டீயும் இருவருக்கும் ஒன்பது. பிற்பகலில் மழை வரும், கணினிக்கும் சேர்த்து மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நேரத்தில் பாய் ஒன்று கேட்டார். "இப்பல்லாம் எங்கிட்ட வர்றவங்க வாட்ஸ்அப்ல அனுப்ப வீடியோ கார்டு வேணுங்கிறாங்கம்மா. எனக்கு அது வராது. நீங்க செய்றீங்களா? திங்கக்கெழம மூணு வீட்டுக்காரங்க வர்றாங்க, நேர்ல பேசிறலாம்."

திங்கட்கிழமை என்றதும் எனக்கு அந்த நேர்காணல் நினைவுக்கு வந்தது. அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கணினியைச் சாரோங்கில் சுற்றிக்கொண்டிருந்தார். வரும்போது நான் சுற்றியதைவிட இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றி, முடிச்சையும் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

"எத்தன மணிக்கு பாய்?" என்றார் அண்ணி. "சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். இவளுக்கு வேல இருக்கு லா."