சுப்புத்தாயக்கா கொடுத்த வாக்கு

போனில் கருப்பசாமி பேசினான். மெஷின் ஓடிய சத்தத்தில் முதலில் எதுவும் விளங்கவில்லை. காலண்டர் சீசனில் எங்கள் அச்சகத்துக்கு வருகிற போன் எல்லாம் ஆர்டர் என்னாச்சு என்று கேட்கிற போன்தான். அந்த எரிச்சலில், "நாளைக்குத்தான் லோடு வரும், போனை வை" என்றேன். "பாய், நான் கருப்பசாமி. சுப்புத்தாயக்கா போயிட்டாக" என்று அவன் மறுபடி சொன்னான். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வாசலில் வந்து நின்றேன். கடைசிக் காலத்தில் அக்கா ஆனைக்குட்டத்தில் தம்பி வீட்டில் இருந்தார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், பிழைக்கவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும்.

எங்கள் அச்சகத்தில் காலண்டர் அட்டையில் தேதிக்கட்டு ஒட்டும் வேலை அவருடையது. வாய் அதிகம் பேசாது, பேசினால் சுருக்கென்று இருக்கும். ஒரு தீபாவளிக்குப் பிறகு வேலை நெருக்கி, நான் எல்லாரையும் கத்திக்கொண்டிருந்தேன். பசைக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். "பாய், நீங்க கத்துனா பசை காஞ்சிருமா? அது காயற நேரத்துக்குத்தான் காயும்" என்றார். பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். முதலாளி என்ற முறைப்பெல்லாம் அவரிடம் செல்லாது. நானும் அன்றைக்குப் பிறகு கத்துவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்னால் அவரும் மகள் முத்துச்செல்வியும் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். புருசன் எப்போதோ இறந்துபோனார், இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். கம்பெனிக்கு ஆள் பிடித்துவிடும் ஏஜெண்டின் தம்பி, அந்தப் பெண்ணைக் கட்டிக்கொடு என்று கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தான். அவன் பெயரை எழுத எனக்கு மனமில்லை. அக்கா முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் அக்கா உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்தார், மகள் மட்டும் வேலைக்குப் போனாள். சாயங்காலம் கம்பெனி வேன் அவளைத் திருப்பத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து வேலிக்கருவைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் போக வேண்டும். வீட்டுக்கு அவள் வந்து சேரவில்லை.

வேன் ஓட்டியவன் கருப்பசாமி. இறக்கிவிடும்போது அந்த ஏஜெண்டின் தம்பி திருப்பத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறான். மற்றவர்களை விட்டுவிட்டுத் திரும்பி வரும்போது, அவன் சட்டையெல்லாம் ரத்தமாகக் கருவைக்குள்ளிருந்து ஓடிவந்ததையும் பார்த்திருக்கிறான். கண்ணால் கண்ட சாட்சி கருப்பசாமி ஒருவன்தான்.

ஊர் கொதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கடை அடைப்பு, ஊர்வலம், எல்லாம் நடந்தது. "தூக்கிலிடு" என்று சிவப்பு மசியில் சுவரொட்டி அடித்துக் கொடுத்தது நான்தான், காகிதமும் என்னுடையது. கொலைகாரனுக்கு ஜெயிலில் உட்கார வைத்துச் சோறு போடவா என்று டீக்கடையில் கேட்காத ஆள் இல்லை. நானும் கேட்டேன். ஊர்வலத்தில் முன்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன் கருப்பசாமி.

பிறகு கோர்ட்டு ஆரம்பித்தது. கொன்றவன் ஜாமீனில் வந்து, எங்கள் தெரு வழியாகவே மோட்டார் சைக்கிளில் போனான். கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. ஒரு நாள் ஜட்ஜ் லீவு, ஒரு நாள் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, ஒரு நாள் வக்கீல்கள் போராட்டம். அக்கா ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடியற்காலையில் பஸ் ஏறினார். தனியாகப் போகிறாரே என்று சில நாள் நானும் கூடப் போனேன். கோர்ட்டு வராந்தாவில் அவனும் நின்றுகொண்டிருப்பான். அக்கா அவனைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். "ஊர்வலத்துக்கு அம்புட்டுப் பேர் வந்தாக. இங்கன ஒருத்தரைக் காணோமே பாய்" என்று ஒரு தடவை சொன்னார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒருவழியாகச் சாட்சி விசாரணை வந்தது. அன்றைக்குக் கருப்பசாமி வரவில்லை. அரசு வக்கீல் எங்களைத் தனியே கூப்பிட்டார். "வாரண்ட் போட்டு இழுத்துட்டு வரலாம்மா. ஆனா மனசில்லாம வந்து, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கூண்டுல சொல்லிட்டான்னா கேஸ் போச்சு. கொன்னவன் வெளியே போயிடுவான்" என்றார். காசு வாங்கிவிட்டான் என்றுதான் நான் நினைத்தேன். அன்று சாயங்காலமே அக்காவோடு அவன் வீட்டுக்குப் போனேன். கண்டமேனிக்குத் திட்டுவதற்குத் தயாராகத்தான் போனேன்.

வாசலில் அவன் மனைவி பேச்சியம்மாள் நின்றாள். கல்யாணமாகிப் பல வருசம் கழித்து, கோயில் கோயிலாக நேர்ந்து, உண்டாகியிருந்தாள். நிறைமாதம். கருப்பசாமி உள்ளேயிருந்து வந்து எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் நின்றான்.

"எம்புட்டுலே வாங்குன?" என்று நேரடியாகக் கேட்டேன்.

"அல்லா மேல ஆணையா நீங்க அப்படிக் கேக்கலாமா பாய்? ஒத்தப் பைசா வாங்கல. இவ மாசமா இருக்கா. நான் கோழி அறுக்கதில்ல, பாம்பைக் கண்டாலும் அடிக்கதில்ல. போன மாசம் எங்க பெரியப்பா பாடையவே நான் தொடல. இப்ப என் வாயால ஒருத்தன் கழுத்துல கயிறு விழுந்தா, அது என் பிள்ளை தலையிலதான வந்து விடியும்?"

எங்கள் பக்கத்து இந்து வீடுகளில் இந்த வழக்கம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. மனைவி முழுகாமல் இருந்தால் புருசன் எந்த உயிரையும் எடுக்கக் கூடாது. ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. "தூக்குல போடு, தூக்குல போடுன்னு ஊர்வலத்துல நீதானலே கத்துன?" என்றேன்.

"அது கூட்டத்தோட கத்துனது பாய். கோர்ட்டுல நான் ஒருத்தன்லா சொல்லணும்."

அக்கா பேச்சியம்மாளிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அவனுக்குத் தூக்கு வேண்டாம்னு நான் கேக்கேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னக்கா சொல்லுதீக?" என்றேன்.

"சும்மா இருங்க பாய். ஏலே கருப்பசாமி, நல்லாக் கேட்டுக்கோ. ஜட்ஜய்யா என் பேச்சைக் கேப்பாகளோ மாட்டாகளோ, அது எனக்குத் தெரியாது. ஆனா பெத்தவ நான் எந்திரிச்சு நின்னு, தூக்கு வேண்டாம்னு என் வாயால சொல்லுவேன். அதுக்கு மேலயும் அவுக தூக்குதான்னு சொன்னா, அந்தப் பாவம் எனக்கு. உன் பிள்ளைக்கு இல்ல. நீ கண்டதை மட்டும் வந்து சொல்லு." பேச்சியம்மாளின் தலையில் கை வைத்து இதையே இன்னொரு தடவையும் சொன்னார். கருப்பசாமி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அரசு வக்கீலிடமும் அக்கா சொல்லிவிட்டார். "தண்டனை நம்ம கையில இல்லம்மா. ஆனா நீங்க சொல்றதைக் கோர்ட்டு கவனத்துக்குக் கொண்டுபோறேன்" என்றார் அவர். அது எப்படியோ வெளியே கசிந்தது. அவ்வளவுதான், ஊர் அக்கா பக்கம் திரும்பியது. மகளை விற்றுவிட்டாள் என்றார்கள். தெருக் குழாயடியில் அவர் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். ஊர்வலம் நடத்தியவர்கள் என் அச்சகத்துக்கே வந்து, அவளை வேலையை விட்டு நிறுத்துங்கள் என்றார்கள். முடியாது என்றேன். இந்த வருசம் உங்களுக்கு ஒரு ஆர்டரும் வராது என்றார்கள். சொன்னபடி நிறைய ஆர்டர் வராமலும் போனது. இதையெல்லாம் அக்காவிடம் நான் சொன்னதில்லை, அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அடுத்த வாய்தா அன்று கோர்ட்டு வாசலில் கூட்டம். தீர்ப்பு நாள் அன்று கொளுத்துவதற்குச் சரவெடி வாங்கி வைத்திருக்கிறோம் என்று சிலர் பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கருப்பசாமியைக் காணவில்லை. உள்ளே போலீஸ்காரர், டாக்டர் என்று ஒவ்வொருவராகச் சாட்சி சொல்லி முடித்தார்கள். அக்கா முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். எதிரிக் கூண்டில் அவன் தன் வக்கீலைப் பார்த்துச் சிரித்தான். எனக்கு எழுந்துபோய் அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. சாட்சி கருப்பசாமி என்று டவாலி கூப்பிட்டார், ஆள் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே பேச்சியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மாசமாக இருப்பவள் கோர்ட்டுப் படி ஏறக் கூடாது என்று அங்கேயே நின்று, புருசனின் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

அவன் கண்டதைச் சொன்னான். ஒரு வார்த்தை மாறவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடுவாரா? "இவரைத் தூக்குல போடுன்னு ஊர்வலத்துல கத்துனது நீதானே? பகையிலதானே பொய் சொல்றே?" என்று மடக்கினார். கருப்பசாமி அக்காவை ஒரு தடவை பார்த்தான். "கத்துனேன்யா. இப்ப கத்தலையே. கண்டதைத்தான சொல்லுதேன்" என்றான். எதிரிக் கூண்டில் சிரிப்பு நின்றுவிட்டது.

குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. தண்டனை பற்றிக் கேட்டபோது அரசு வக்கீல் அனுமதி வாங்கி அக்காவைப் பேசவிட்டார். "ஐயா, தூக்கு வேண்டாம். வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேச்சினால்தானோ, வேறு காரணத்தினாலோ, ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். வாசலில் யாரும் வெடி போடவில்லை. கட்டுப் பிரிக்காத ஒரு சரத்தை அக்காவின் காலடியில் வீசி, "பெத்தவதானா நீ?" என்று ஒருவன் கத்தினான். அக்கா அதைத் தாண்டி நடந்தார். நான் அவர் பக்கத்திலேயே நடந்தேன், பயமாகத்தான் இருந்தது.

போன வாரம் இரங்கல் கூட்டம் போட்டார்கள். அன்றைக்கு வசை பாடிய வாய்கள்தான் மேடையில். பெற்ற மகளைக் கொன்றவனையே மன்னித்த தாய் என்றார்கள், கருணையின் திருவுருவம் என்றார்கள். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. போயிருந்தால் சண்டையில் முடிந்திருக்கும்.

தண்டனை கொடுத்த அன்று பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஊர் நெருங்கும்போது நான்தான் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "உங்க மனசு யாருக்கு வரும்க்கா? மன்னிச்சிட்டீகளே" என்றேன். திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன்னும் பின்னும் யாரிடமும் கண்டதில்லை.

"யாரு மன்னிச்சா? அவன் சாகணும் பாய். என் பிள்ளை எப்படிக் கிடந்தாளோ அப்படிக் கிடக்கணும். தெனமும் கண்ணை மூடுனா அதைத்தான் கேக்கேன். தூக்கு தூக்குன்னு நின்னா அவன் தப்பிச்சிருப்பான். அதான் என் ஆசையை விட்டுக்கொடுத்தேன். அவனுக்கு இல்ல, அந்தப் புள்ளத்தாச்சிக்கு."

அதற்குப் பிறகுதான் அழுதார். ஊர் வந்து, எல்லாரும் இறங்கிய பிறகும் எழுந்திருக்க முடியாமல் அழுதார். கண்டக்டர் விசிலடிக்காமல் காத்திருந்தார்.

அவரைப் பற்றி என்னிடம் இருப்பது அந்த அழுகைதான். படம் திறக்கிறவர்கள் திறக்கட்டும், கருணை என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். சுப்புத்தாயக்கா மன்னிக்கவில்லை. மன்னிக்காமலேயே வாக்கைக் காப்பாற்றினார்.