நோலீன் தைத்த கைப்பை

லான்செஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகலெல்லாம் படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு வரும் நோலீனுக்கு, மூன்று வாரமாக வீட்டிலும் கை ஓயவில்லை. மெல்பர்னில் வேலைக்குச் சேரப்போகும் மகள் டெகன், பேர்போன கம்பெனியின் கைப்பைப் படத்தைக் காட்டி, அதேபோல் ஒன்று கேட்டிருந்தாள். நோலீன் பழைய சோபாவின் தோலை வெட்டி எடுத்தாள். மெஷினில் மூன்று ஊசி உடைந்த பிறகு கையாலேயே தைத்தாள். தோலில் தப்பாகக் குத்தினால் துளை மறையாது என்பதால், ஒவ்வொரு குத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

டெகன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சூப்பரா இருக்கும்மா. அந்தக் கம்பெனி பேரை மட்டும் முன்னாடி வச்சுத் தைச்சிடேன். இல்லாட்டி வீட்ல செஞ்சதுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க."

"கண்டுபிடிக்கட்டுமே. கை வலிச்சது எனக்கு, பேரு மட்டும் அவனுக்கா?"

"அப்ப எனக்கு வேணாம்மா."

நோலீனுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "சரிடி, நானே வச்சுக்கிறேன்" என்றாள்.

மறுநாள் காலை அந்தப் பைக்குள் சாண்ட்விச்சையும் வலி மாத்திரையையும் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "பை அழகா இருக்கே, எங்க வாங்குனீங்க?" என்று கேட்டாள்.

"நானே தைச்சது" என்று சொல்லிவிட்டு, இறங்கும் இடம் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டாள்.